நோயாளி தெய்வமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமம் 1904-இல் இலங்கைத் தமிழர்களின் முயற்சியில் உருவானது. ஜீவனே சிவன், ஜீவசேவையே சிவபூசை என்ற விவேகானந்தரின் கருத்து அந்த ஆசிரமத்தின் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் தாதியர் பயிற்சிக்குக் கிளம்பியபோது அம்மா சொன்னதும் அதுதான்: "நோயாளிய சாமியா நெனச்சுப் பாரு."

அந்தச் சொல்லுக்குப் பலம் உண்டு. 1899-இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது விவேகானந்தரின் சீடர் நிவேதிதா தெருவைக் கூட்ட இறங்கியது அந்த நம்பிக்கையில்தான். நடுராத்திரியில் மலம் நனைந்த படுக்கையை மறுபடியும் மாற்றும் புதுத் தாதிக்கும் அது கைகொடுக்கும். ஆனாலும் என் மனம் அதை ஏற்கவில்லை. நோயாளி மனிதர். எனக்கு அது போதும்.

கிள்ளானில் என்னிடம் கட்டு மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் இனிப்புநீர்க்காரர்கள். 2019-இல் மலேசியா முழுதும் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவரின் கால் இப்போது என் முன்னால். ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீர் ஊற்றி ஊறவைத்து எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து வந்துவிடும். வாடை எப்படி, ஓரம் சிவந்திருக்கிறதா, விரல் நுனி கறுக்கிறதா, குழி ஆழமாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

"மிஸ்ஸி, வலியே இல்ல. ஆறிடுச்சுல்ல?"

"வலிக்காததுதான் அங்கிள் எனக்குப் பயம்."

நரம்பு மரத்துப்போனதால்தான் சிலிப்பரைத் துளைத்த ஆணிகூட அவருக்குத் தெரியவில்லை.

தெய்வத்துக்குக் குறையும் இல்லை, மாற்றமும் இல்லை. நோயாளியோ மணிக்கு மணி மாறுகிறவர். சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பூசையில் கண்ணை மூடிக்கொள்ளலாம், இங்கே முடியாது. காவலர் பக்கத்தில் இருக்க, கட்டிலோடு விலங்கு பூட்டிய கைதியும் வருகிறார். அவரிடம் சிவனைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நான் புண்ணைக் கழுவ வேண்டுமா? அந்தப் புண்ணே என்னை அழைக்கிறது.

சூலை நோயோடு வந்து விழுந்த தம்பி அப்பரை அக்கா திலகவதியார் தெய்வமாக்கவில்லை. தம்பியாகவே ஏற்று, திருநீறு தந்து, திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளும் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் என்று நான்கையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அங்கே நோயாளிக்கும் வேலை இருக்கிறது. கும்பிடப்படுகிறவரிடம் யாரும் அப்படி வேலை வாங்குவதில்லை.

அதனால் பெரியவரிடம் கறாராகவே சொன்னேன்: தினமும் ராத்திரி உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பாருங்கள். தே தாரிக்கை விடுங்கள். கோயில் பிரகாரத்தில் வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு நடக்காதீர்கள், கல் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

"காலுறை போட்டுட்டுப் போனா சாமி கோவிச்சுக்காதா மிஸ்ஸி?"

கோவிச்சுக்காது என்று என் பொறுப்பில் சொல்லிவிட்டு, அடுத்த கட்டுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.