ஒருசாலை மாணாக்கர்

ஓர் ஆசிரியரிடம் உடன் பயின்றவர்களை ‘ஒருசாலை மாணாக்கர்’ என்று குறிப்பது தமிழின் பழைய வழக்கு. நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது. ஆகவே நூலுக்குப் பாயிரம் செய்ய உரியவர் யார் என்பதை நன்னூல் வரையறுக்கிறது. ஆசிரியர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருடன், உடன் கற்றவருக்கும் அந்த உரிமை உண்டு. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு.

பட்டமும் பதவியும் வந்து சேர்வதற்கு முன்னர் ஒருவர் எப்படி இருந்தார் என்பதை அறிந்தவர் உடன் பயின்றவரே. உயர்நிலைப் பள்ளிப் பருவம் மனித வாழ்வின் பாயிரம் போன்றது. ஆசைகள், அச்சங்கள், முதல் இலட்சியங்கள் யாவும் அங்கேதான் அரும்புகின்றன. அந்தப் பருவத்தின் தோழர் மறையும்போது, அதற்குச் சாட்சியாக நின்ற ஒருவரும் மறைந்துவிடுகிறார்.

இந்தத் துயருக்கு உலகம் அதிக இடம் தருவதில்லை. பெற்றோர் மறைந்தால் சடங்குகள் உண்டு; உறவினர் வந்து ஆறுதல் கூறுவர். பள்ளித் தோழர் மறைந்த செய்தியோ, அன்றாட அலுவல்களுக்கு நடுவே ஒரு தொலைபேசி அழைப்பாக வந்து சேர்கிறது. சந்தித்து 30 ஆண்டுகள் கழிந்திருக்கலாம். துக்கம் விசாரிக்க எவரும் வருவதில்லை. ஆயினும் உள்ளம் கலங்குகிறது. மூத்தோரின் மரணத்தை இயற்கையின் வரிசை என்று மனம் ஏற்கிறது. ஒரே வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டிருந்தவர் மறையும்போது, மரணம் தன் பெஞ்சுக்கே வந்துவிட்டதாக உணர்கிறது.

சாஸ்திரங்கள் இந்த உறவை மறந்துவிடவில்லை. உடன் பயின்ற பிரம்மசாரி இறந்தால் 1 நாள் தீட்டு என்று மனு ஸ்மிருதியின் 5-ஆம் அத்தியாயம் விதிக்கிறது. மஹாளய காலத்தில் காருண்ய பித்ருக்களுக்குச் செய்யும் தர்ப்பணத்தில் நண்பருக்கும் எள்ளும் நீரும் உண்டு. இரத்த உறவு இல்லாதவருக்காகவும் ஒரு நாள் உலகக் காரியங்களிலிருந்து விலகி நிற்கச் செய்த கருணை அது. அந்த நாளில் சிந்திக்க வேண்டியது என்ன? மறைந்த பள்ளித் தோழர் ஒருவரைப் பற்றி மகான் ஒருவர் எழுதி வைத்திருப்பது இதற்கு ஒளி தருகிறது.

தகாஸ்தே நகரத்துத் தோழர்

புனித அகஸ்டின் கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்தார். இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்று வழங்கும் ஊர் அது. இளமையில் அவர் அங்கே ஆசிரியராகப் பணிபுரிந்தபோது, ஒத்த வயதினரான ஒருவருடன் நெருங்கிய நட்புக் கொண்டார். இருவரும் சிறுவர்களாகச் சேர்ந்து வளர்ந்தவர்கள்; சேர்ந்தே பள்ளிக்குச் சென்று, சேர்ந்தே விளையாடியவர்கள். அகஸ்டின் அக்காலத்தில் மானி என்பவரின் கொள்கையைப் பின்பற்றி வந்தார். நண்பரையும் அவ்வழியில் ஈர்த்தார்.

நண்பர் கடும் காய்ச்சலில் வீழ்ந்தார். உணர்விழந்து கிடந்த வேளையில் அவருக்குக் கிறிஸ்தவத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அவர் கண்விழித்தபோது, அகஸ்டின் அதைப் பற்றிக் கேலியாகப் பேசினார். நண்பரும் சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். நண்பரோ அதிர்ந்து, நட்பு நீடிக்க வேண்டுமாயின் இத்தகைய பேச்சு கூடாது என்று உறுதியாகக் கண்டித்தார். திகைத்துப்போன அகஸ்டின், உடல் தேறிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அந்த உரையாடலை ஒத்திவைத்தார். சில நாட்களில் காய்ச்சல் திரும்பியது. அகஸ்டின் அருகில் இல்லாத வேளையில் நண்பர் உயிர் நீத்தார்.

அதன்பின் சொந்த ஊரே அவருக்குத் துன்பமாயிற்று. கண்கள் எங்கும் நண்பரைத் தேடின. இதோ வருவார் என்று சொல்ல எந்த இடத்தாலும் இயலவில்லை. தமக்குத் தாமே விடை காண முடியாத வினாவாக மாறினார். ஊரைவிட்டே வெளியேறி, கார்த்தேஜ் நகருக்குச் சென்றார்.

பற்றும் அன்பும்

சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின், ஹிப்போ நகரின் ஆயராக இருந்த காலத்தில், ‘கன்ஃபெஷன்ஸ்’ என்னும் நூலின் 4-ஆம் பகுதியில் இந்நிகழ்ச்சியை அவர் ஆராய்ந்து எழுதினார். இறக்கப் போகிறவரை இறவாதவர் போல நேசித்ததே தம் துயரின் வேர் என்று கண்டார். மணலில் நீரை ஊற்றுவது போல உள்ளத்தை ஊற்றிவிட்டதாக உணர்ந்தார். நண்பரை இறைவனில் நேசிப்பவனே பேறுபெற்றவன் என்பதும், ஒருபோதும் இழக்க முடியாத அவனில் நேசிப்பவன் அன்புக்குரிய எவரையும் இழப்பதில்லை என்பதும் அவர் கண்ட முடிவு.

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு உபதேசித்ததும் இதற்கு அணுக்கமானது. கணவன், மனைவி, மக்கள் என ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, யாவும் ஆத்மாவின் பொருட்டே பிரியமாகின்றன என்கிறார் முனிவர். அன்பைக் குறைத்துக்கொள்ளும்படி இவ்விரு ஞானிகளும் சொல்லவில்லை. அன்பை நிலையான பொருளில் ஊன்றச் சொல்கிறார்கள். அவ்வாறு ஊன்றாத துயரம் மயான வைராக்கியமாகவே முடியும். சுடுகாட்டில் எழும் தெளிவு, வீட்டு வாசலை அடைவதற்குள் கரைந்துவிடும்.

குசேலர் நடந்த வழி

அகஸ்டினின் வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் ஒத்திவைத்த உரையாடல் நிகழவே இல்லை. பள்ளித் தோழர்கள் பலரிடையே இத்தகைய பேச்சு மிச்சமிருக்கிறது. கேட்காத மன்னிப்பு, கூறாத நன்றி, அற்பமான ஒரு சொல்லால் முறிந்த உறவு ஆகியவை அடுத்த ஆண்டுக்கென்று காத்திருக்கின்றன.

குசேலர் துவாரகைக்கு நடந்து சென்றதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். மனைவி தூண்ட, வறுமையின் கூச்சத்தையும் மீறி அவர் சென்றார். கண்ணன் அவர் பாதங்களைக் கழுவினான். பின்னர் இருவரும் சாந்தீபனி முனிவரின் குருகுலத்தை நினைவுகூர்ந்தனர். விறகு தேடச் சென்ற காட்டில் புயல்மழையில் சிக்கி, கைகோத்தபடி இரவெல்லாம் அலைந்ததைக் கண்ணனே எடுத்துச் சொன்னதாக பாகவதத்தின் 10-ஆம் ஸ்கந்தம் கூறுகிறது. குசேலர் பெற்ற செல்வத்தை உலகம் வியக்கிறது. உயிரோடிருக்கும் தோழரைத் தேடிச் சென்றாரே, சாதகர் கற்க வேண்டியது அதையே.

தோழர் முன்னரே மறைந்துவிட்டால் செய்வது யாது? அவருக்குக் கூற வேண்டிய நல்ல சொல்லை அவர் பிள்ளைகளிடம் கூறலாம். தந்தையின் 15 வயதை அவர்கள் கண்டதில்லை. அதைக் கண்டவர் உடன் பயின்றவர். அவருக்குச் செய்ய எண்ணிய உதவியை, நலிந்திருக்கும் வேறொரு தோழருக்குச் செய்யலாம். ஒரு நாளையாவது ஜபத்திலும் பிரார்த்தனையிலும் கழித்து, அதன் பயனை அவருக்கு அர்ப்பணிக்கலாம்.

அகஸ்டின் தம் நண்பரின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை. ஆயினும் அவருடைய உறுதியையும், அதன்முன் தாம் தலைகுனிந்ததையும் மறைக்காமல் எழுதினார். ஒருசாலை மாணாக்கர் செய்யத்தக்க பாயிரம் அதுவே. பிரிந்தவர்களைப் பற்றி உண்மையும் அன்பும் கலந்த சொற்களைப் பேசும் நாவையும், இருப்பவர்களை நாடி இன்றே செல்லும் கால்களையும் இறைவன் அருள்வானாக!