வழியில் வந்த அஸர்

மாணவர்: ஹஜ்ரத், பாடத்திட்டத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. நஹ்வு, சர்ஃபு, தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு, உசூல், அகீதா, தஸவ்வுஃப்... குர்ஆனும் ஹதீஸும் கையில் இருக்கும்போது இத்தனை கல்வி எதற்கு? படித்தபடி நடந்தால் போதாதா?

ஹஜ்ரத்: நடக்கப் போகும்போதுதான் கேள்வியே பிறக்கிறது, தம்பி. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போர் முடிந்த கையோடு, நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களை பனூ குறைழா கோத்திரத்தின் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேரும்வரை யாரும் அஸர் தொழ வேண்டாம் என்பது உத்தரவு. பாதி வழியில் அஸர் நேரம் வந்துவிட்டது. நீ என்ன செய்வாய்?

மாணவர்: அங்கே போய்த்தான் தொழுவேன். உத்தரவாயிற்றே.

ஹஜ்ரத்: நேரம் தப்பினாலும்?

மாணவர்: தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அன்னிஸா சூராவில் வருகிறதே... சொல்லத் தெரியவில்லை, ஹஜ்ரத்.

ஹஜ்ரத்: இதே இடத்தில்தான் ஸஹாபாக்களும் நின்றார்கள். சீக்கிரம் போக வேண்டும் என்பதுதான் நாயகத்தின் கருத்து என்று சிலர் வழியிலேயே தொழுதார்கள். மற்றவர்கள், நாயகம் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த பிறகு தொழுதார்கள். விஷயம் நாயகத்திடம் போனது. இரு சாராரில் ஒருவரையும் நாயகம் கடிந்துகொள்ளவில்லை. பனூ குறைழா முற்றுகையும் அதன் கடுமையான முடிவும் நபி வரலாற்றுப் பாடத்தில் தனியே ஓத வேண்டியவை. அஹ்ஸாப் சூராவின் தஃப்ஸீரில் அந்த நாட்கள் மறுபடி வரும். இப்போது வழியிலேயே நிற்போம்.

மாணவர்: இப்படி நடந்தது என்று எதை வைத்து நம்புவது?

ஹஜ்ரத்: அதுதான் ஹதீஸ் கலையின் முதல் கேள்வி. இப்னு உமர் (ரலி) சொல்ல, அதை நாஃபிஉ கேட்டார். அங்கிருந்து கைமாறி இமாம் புகாரிக்கும் இமாம் முஸ்லிமுக்கும் வந்தது. இருவருக்கும் அறிவிப்பாளர் வரிசை ஒன்றுதான். ஆனாலும் புகாரியில் அஸர் என்றிருக்கிறது, முஸ்லிமில் லுஹர் என்றிருக்கிறது.

மாணவர்: அப்படியானால் இரண்டில் ஒன்று பிழைதானே?

ஹஜ்ரத்: அவசரப்படாதே. புறப்படும்போது சிலர் லுஹர் தொழுதிருந்தார்கள், சிலர் தொழவில்லை, அவரவர் நிலைக்கேற்ற உத்தரவு போயிருக்கலாம் என்று இணக்கம் கண்டவர்கள் உண்டு. அறிவித்தவர்களின் நினைவில் வந்த வேறுபாடா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டை யாரும் மறைக்கவில்லை. இரண்டு நூல்களிலும் அது அப்படியே இருக்கிறது. எனக்கு அந்த நேர்மைமேல் பெரும் மதிப்பு.

மாணவர்: ஃபிக்ஹு இதில் எங்கே வருகிறது?

ஹஜ்ரத்: அஸர் எப்போது தொடங்குகிறது, சொல்.

மாணவர்: நண்பகல் நிழலைக் கழித்து, குச்சியின் நிழல் குச்சியளவு நீளும்போது.

ஹஜ்ரத்: நீ காயல்பட்டினத்துப் பிள்ளை, ஷாஃபிஈ மத்ஹபைச் சொல்கிறாய். இமாம் அபூ ஹனீஃபாவின் பிரபலமான கருத்துப்படி நிழல் இரண்டு மடங்காக வேண்டும். முற்றத்தில் ஒரு முழக் குச்சியை நட்டுவிட்டு உட்கார்ந்து பார். உன் அஸருக்கும் ஹனஃபி அஸருக்கும் நடுவே அந்த நிழல் இன்னும் ஒரு முழம் நீண்டிருக்கும். ஃபிக்ஹு என்பது அப்படி வெயிலில் நின்று படிக்கிற கல்வி.

மாணவர்: வழியில் தொழுதவர்கள், போய்த் தொழுதவர்கள், இருவரும் சரியா?

ஹஜ்ரத்: இப்போது உசூலுக்குள் வந்துவிட்டாய். தொழுகை நேரம் பற்றிய வசனம் பொதுவானது, அன்றைய உத்தரவு தனிப்பட்டது. பொதுவானதைத் தனிப்பட்டது கட்டுப்படுத்துமா? சொல்லின் வெளிப்பொருளில் நிற்பதா, நோக்கத்தைத் தேடுவதா? இமாம் ஷாஃபிஈ (ஹிஜ்ரி 150–204) ‘ரிஸாலா’ எழுதியது இத்தகைய கேள்விகளுக்கு ஒழுங்கு காணத்தான். கொர்டோபாவின் இப்னு ஹஸ்ம் (994–1064) போய்த் தொழுதவர்கள் பக்கம் நின்றார். டமாஸ்கஸின் இப்னுல் கய்யிம் (1292–1350) வழியில் தொழுதவர்கள் பக்கம். கடிந்துகொள்ளவில்லை என்பதால் இரண்டும் சரியே என்றவர்களும் உண்டு. சரியானது ஒன்றுதான், முயன்று தவறியவருக்கும் ஒரு கூலி உண்டு என்பது இன்னொரு சாராரின் முடிவு. அவர்களும் ஹதீஸை வைத்தே பேசுகிறார்கள்.

மாணவர்: அகீதா, தஸவ்வுஃப்?

ஹஜ்ரத்: அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஸஹாபாக்கள் நம்பினார்களே, அந்த நம்பிக்கையைப் பேசுவது அகீதா. தஸவ்வுஃபை நான் விளக்குவதைவிட நீயே யோசி. ஒரே படை, ஒரே பாதை. சிலர் தொழ நிற்கிறார்கள், மற்றவர்கள் நிற்காமல் போகிறார்கள். யாரும் யாரையும் இகழ்ந்ததாக ஹதீஸில் இல்லை. அந்த மனசு எங்கிருந்து வரும்?

மாணவர்: நீங்கள் அங்கே இருந்திருந்தால், ஹஜ்ரத்?

ஹஜ்ரத்: வழியில் தொழுதிருப்பேன். இப்னு ஹஸ்ம் அதை ஏன் ஏற்கவில்லை என்று அவர் பக்கம் நின்று, ஒரு ஆதாரமும் விடாமல் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வா. நான் பதில் சொல்லத் திணறும்படி எழுது.