உணர்ந்ததா, கேட்டதா

டபராவுக்குள் டம்ளர் ஆடிய அந்தச் சத்தத்தை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

போத்தனூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தி தள்ளிக்கொண்டே போனது. "இன்னும் சித்த நேரமாகுமாட்ட இருக்குதுங் மாமா, காப்பி குடிச்சுட்டு இருங்" என்று ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை போடாத காப்பி. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். டம்ளர் டபராவின் உள்விளிம்பில் மோதியது, நின்றது, மறுபடி மோதியது. கீழே வைத்துவிட்டு மீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 62. பையிலிருந்த குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஏறியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூட எதுவும் தெரியாது.

டைப் 1 சர்க்கரை நோய் எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே வந்தது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், அகோரமாகப் பசிக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் போல எனக்கும் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோனது. 45-க்கு இறங்கியும் பேசிக்கொண்டிருப்பேன், ரோட்டைக் கடப்பேன், பேங்கில் கையெழுத்துப் போடுவேன். வீட்டில் மனைவி என் கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். "உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சுருதுங்க" என்பாள். குறையாகச் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குப் பெரிய வலி. பல வருஷங்களுக்குப் பிறகு, மாதக்கணக்கில் பாடுபட்டு, அன்றைக்கு அந்த நடுக்கம் திரும்பி வந்தது. வந்ததே என்று தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் அன்றிரவிலிருந்து ஒரு கேள்வி தூங்கவிடவில்லை. நடுக்கத்தை நான் உள்ளே உணர்ந்தேனா? இல்லை, டபராவின் சத்தத்தைக் காதால் கேட்டு, யாரோ ஒருவரின் கை ஆடுவதைப் பார்த்துச் சொல்வதுபோல, "ஓ, சர்க்கரை இறங்குது" என்று முடிவுக்கு வந்தேனா?

இரண்டும் ஒன்றுதானே, தெரிந்தால் சரி என்று யாரும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் டபரா இல்லாத நேரங்கள்தான் வாழ்க்கையில் அதிகம்.

உடம்பு இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நோயில்லாதவருக்கு ரத்தச் சர்க்கரை 80-க்குப் பக்கத்தில் இறங்கும்போதே கணையம் இன்சுலினை நிறுத்திக்கொள்கிறது. 65, 70 வாக்கில் குளுககான் என்ற ஹார்மோன் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சேமிப்பை வெளியே விடச் சொல்கிறது. கூடவே அட்ரினலினும் வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் பெரும்பாலும் இதன் வேலை. 50-ஐ ஒட்டி மூளை தடுமாறத் தொடங்குகிறது. எங்களுக்கு முதல் காவல் கிடையாது, ஊசியில் போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டாவதான குளுககானும் நோய் வந்த சில வருஷங்களில் இறக்கத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது. மிஞ்சுவது அட்ரினலின் மட்டும். அடிக்கடி 'லோ' ஆனால், அதாவது சர்க்கரை இறங்கினால், உடம்பு அதற்குப் பழகிப்போய் அட்ரினலினைத் தாமதமாக விடுகிறது. மூளை மங்கிய பிறகு மணி அடித்து என்ன பயன்? ஒரு மத்தியானம் லோ ஆனாலே மறுநாள் காலை எச்சரிக்கை மந்தமாகிவிடும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு லோ அடுத்த லோவுக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறது.

என் அப்புச்சி போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். கோயமுத்தூர் ஸ்டேஷனைவிட மூத்தது போத்தனூர் ஜங்ஷன் என்பதில் அவருக்குப் பெருமை. 1862-ல் மேற்குக் கடற்கரைக்குப் போன பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது, கோயமுத்தூர் அப்புறம் போட்ட கிளைப்பாதையில் வந்தது. லீவுக்குப் போனால் சாயங்காலம் கைகாட்டி மரம் பார்க்கக் கூட்டிப்போவார். கை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் வண்டி நிற்க வேண்டும், கீழே இறங்கினால் வரலாம். தூரத்துக் கேபினிலிருந்து கம்பி இழுத்துத்தான் கையை இறக்குவார்கள். கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன்.

"அறுந்துதுன்னா கை தானா மேல போயி நின்னுக்கும் கண்ணு. எதிர்ப்பக்கம் எடை வெச்சிருக்கறதே அதுக்குத்தான். கெட்டுப்போன சிக்னல் செவப்புலதான் நிக்கோணும். பச்சையில நின்னுதுன்னா அது சிக்னலே இல்ல."

என் உடம்பில் கம்பி அறுந்தபோது கை பச்சையில் நின்றுகொண்டது. சர்க்கரை 45-ல் இருக்கும்போது எனக்குள் இருந்தது கலக்கம் அல்ல, அமைதி. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னதெல்லாம் பொய்யல்ல. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் இல்லை என்றே இருந்தது. அப்படிச் சொல்லும் மூளைக்குத்தான் சர்க்கரை போதவில்லை. நன்றாக இருக்கிறேன் என்ற உணர்வை எதை வைத்து நம்புவது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சின்ன வயதில் மீட்டர் கிடையாது. அம்மா சோதனைக் குழாயில் நீலநிற பெனடிக்ட் கரைசலை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீரை விட்டுச் சூடுபண்ணுவாள். நிறம் மாறுவதை நானும் அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகப்போக அவள் முகம் வாடும். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பதும், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் குப்பியை ஈரமணல் போட்ட மண்சட்டியில் வைப்பதும் அவள் வேலைதான். நீலம் வந்த நாட்களில் எனக்குக் கூடுதலாக ஒரு தோசை கிடைக்கும். அந்த நீலம் என்ன சொன்னது என்று இப்போது யோசிக்கிறேன். சர்க்கரை அதிகமில்லை என்று சொன்னது, அவ்வளவுதான். 110-ஆக இருந்தாலும் நீலம், 40-ஆக இருந்தாலும் அதே நீலம். இறக்கத்தைக் காட்ட அந்த வீட்டில் இருந்த ஒரே கருவி என் கை நடுக்கம். அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், பேனா பிடிக்கும் விரல்களை அவள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

எப்போதோ படித்தது ஒன்று இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆளை மறக்க முடியவில்லை. ஆர்.டி. லாரன்ஸ், லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை டாக்டர். அவருக்கே இந்த நோய். இன்சுலின் வருவதற்கு முன்னால் சாவு நிச்சயம் என்றிருந்த காலம், குடும்பத்தைக் கஷ்டப்படுத்தாமல் தூரதேசத்தில் சாகலாம் என்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போனார். 1923-ல், இன்சுலின் கிடைத்துவிட்டது, சீக்கிரம் வா என்று லண்டனிலிருந்து நண்பர் அனுப்பிய செய்தி வந்தது. கார் ஓட்டிக்கொண்டு திரும்பினார், பிழைத்தார். 1934-ல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். அவர்தான் 1941-ல் 'லான்செட்' இதழில், வருஷங்கள் போகப்போக லோ சுகரின் முன்னறிகுறிகள் நோயாளிகளுக்கு மாறிப்போவதைப் பற்றி எழுதினார். எல்லாரும் இன்சுலினின் அற்புதத்தைப் பேசிக்கொண்டிருந்த தலைமுறையில், உயிர் பிழைத்த ஒருவரே அதன் மறுபக்கத்தைக் கவனித்திருக்கிறார். ஃபிளாரன்ஸ் கதையைப் பெரிதாகச் சொல்கிறவர்கள் இந்தக் கட்டுரையைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிது.

போன உணர்வு திரும்பும் என்பது 1990-களின் தொடக்கத்தில்தான் தெளிவானது. இத்தாலியின் பெருஜியா, லண்டன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் என்று வெவ்வேறு இடங்களில் ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள். வழி கேட்பதற்கு எளிது. சில வாரங்கள், சில மாதங்கள் லோவே ஆகாமல் பார்த்துக்கொள்வது. பயத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஆபத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். கடைப்பிடிப்பதுதான் பாடு. 1993-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு, சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று காட்டியது. கடுமையான லோ மூன்று மடங்காவதையும் அதே ஆய்வுதான் சொன்னது. ஆனால் எங்கள் தலைமுறை முதல் பாதியை மனப்பாடம் செய்தே வளர்ந்தது. சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி குறைந்தால் டாக்டர் முகம் மலரும், நமக்கும் பெருமை. அந்த எண்ணைக் கொஞ்சம் உயர விட்டுவிடுங்கள், 70-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது ஏதோ தோற்றுப்போனதுபோல இருந்தது. அந்த மாதங்களில் 150-ஐப் பார்த்துச் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டதுதான் நான் செய்த கஷ்டமான காரியம். கை தானாக ஊசிக்குப் போகும்.

சென்சார் இருக்கிறதே, உணர்வு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கையில் ஒட்டும் சென்சார் இரண்டு வாரம் போல ஓடும், 80-க்கு வந்தாலே கூவும்படி வைத்துக்கொள்ளலாம். நானும் வைத்திருக்கிறேன். விசேஷத்தன்று பழையது முடிந்து புதியது ஒட்டாமல் இருந்தேன், அதனால்தான் டபரா பேச வேண்டியிருந்தது. மாதாமாதம் அதை வாங்க எத்தனை வீட்டில் முடியும்? கோவையில் 'இதயங்கள்' அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலின் கொடுத்துக் காப்பாற்றுகிறது. அப்படி ஊசியும் மீட்டர் ஸ்ட்ரிப்பும் கிடைப்பதே பெரிய விஷயமாக இருக்கும் வீடுகளில் பிள்ளையின் உடம்புதான் அலாரம். அந்த அலாரம் கெட்டுப்போகாமல் வைத்திருப்பதும் இன்சுலினைப் போல மருந்துதான் என்று நான் நம்புகிறேன். 2014-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நல்ல பயிற்சியும் தொடர்ந்த கவனிப்பும் கொடுத்தபோது, இன்சுலின் பம்பும் சென்சாரும் வைத்திருந்தவர்களுக்கு எவ்வளவு உணர்வு திரும்பியதோ அவ்வளவே ஊசியும் ஸ்ட்ரிப்பும் வைத்திருந்தவர்களுக்கும் திரும்பியது. இதை டைப் 1 பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

போன உணர்வு திரும்புவது என்றால் எனக்கு அம்மிச்சியின் ஞாபகம் வருகிறது. காட்டு வேலைக்குப் போய்வந்து, எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட தலைமுறை. "நேரந் தப்பிருச்சுன்னா பசி செத்துப்போயிருங் கண்ணு, அப்பறம் ஒண்ணுந் தெரியாது" என்பாள். வயதான காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தபோது பசி என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. மணியைப் பார்த்து நாங்கள்தான் தட்டு வைப்போம். வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலை பதினொரு மணிக்கே அடுக்களை வாசலில் வந்து நின்று, "பசிக்குதாயா, எதாச்சும் இருக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ராகிக் களியை உருட்டி மோரை ஊற்றினாள். அவ்வளவு வருஷமும் அம்மிச்சிக்குப் பசி உண்மையிலேயே செத்துப்போயிருந்ததா, உள்ளே இருந்தும் சொல்லக் கூடாது என்று பழகியிருந்தாளா? அவளைக் கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

டபரா விஷயத்தை மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது, "எந்தக் கையிலங்க பிடிச்சிருந்தீங்க?" எனக்கு நினைவில்லை. விரல் நுனியிலோ மணிக்கட்டிலோ ஏதாவது இருந்திருந்தால் எந்தக் கை என்றாவது தெரிந்திருக்குமே என்று அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது. டம்ளர் மோதியதற்கும் நின்றதற்கும் நடுவில் நெஞ்சில் ஒரு சின்ன உதறல் இருந்ததுபோலவும் இருக்கிறது. ஆனால் அதைப் பிற்பாடு நானே சேர்த்துவிட்டேனோ என்று சந்தேகம். செயின்ட் லூயிஸ் ஆய்வில் ஒன்று வரும்: லோ ஆகாமல் இருந்தவர்களுக்கு அறிகுறிகள் திரும்பின, ஆனால் சர்க்கரையைத் தூக்கிவிடும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. ஆக, திரும்பி வந்தது போனதேதான் என்று அறிவியலும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. மாதக்கணக்கில் என் உடம்பை உற்றுக் கவனித்ததில் என் மனைவியின் கண் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கலாம்.

லோ ஆவது தெரிகிறதா என்று சோதிக்க டாக்டர்களிடம் ஒரே கேள்வி கொண்ட ஒரு தாள் இருக்கிறது. எடின்பரோவில் 1994-ல் உருவாக்கியது. லோ தொடங்கும்போது உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டு, ஒன்று முதல் ஏழு வரை ஒரு எண்ணை வட்டமிடச் சொல்வார்கள். ஒன்று என்றால் எப்போதும் தெரியும், ஏழு என்றால் எப்போதுமே தெரியாது. நான்கும் அதற்கு மேலும் என்றால் உணர்வு குறைந்துவிட்டதாகக் கணக்கு. பழைய தாள்களில் தயங்காமல் ஆறு போட்டிருக்கிறேன். போன முறை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். டபராவை நான் கேட்டது என்றால் நான்கு, உணர்ந்தது என்றால் மூன்று. எதையும் வட்டமிடாமல் டாக்டரிடம் கொடுத்தேன். அவரும் பார்த்துவிட்டு, எதையும் எழுதாமல், சென்சார் அலாரம் இப்போதைக்கு 80-லேயே இருக்கட்டும் என்றார்.