தேனும் எழுத்தும்

பரிசுக்காகப் படிக்கும் குழந்தைக்குப் படிப்பின்மேல் ஆசை வளருமா, பரிசின்மேலா? கைப்பேசிச் செயலிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமயச் சிந்தனையாளர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். இடைக்காலத்தில் ஜெர்மனியிலும் வட பிரான்சிலும் வாழ்ந்த யூதர்கள், சவூவோத் திருநாளில் சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் செல்வார்கள். பலகையில் எழுதிய எபிரேய எழுத்துகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்லும். பிறகு எழுத்துகளின் மேல் தேன் தடவப்படும். குழந்தை அதை நக்கிச் சுவைக்கும்.

இந்த இனிப்புக்குள் ஒரு சிக்கல் இருப்பதை எல்லோரையும்விடத் தெளிவாக எழுதியவர் மோசே பென் மைமோன். மைமோனிடிஸ் என்று உலகம் அறிந்த இவர் கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், சட்ட அறிஞர், தத்துவவாதி. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு எழுதி 1168இல் முடித்த உரையில் ஒரு மாணவனின் வளர்ச்சியைப் படிப்படியாக வரைகிறார். சிறுவனுக்குக் கல்வியின் அருமை புரியாது. ஆகவே ஆசிரியர் கொட்டைப் பருப்போ அத்திப்பழமோ தருவதாகச் சொல்லிப் படிக்க வைக்கிறார். வயது ஏறியதும் அந்தத் தின்பண்டம் அவனுக்கு அற்பமாகிவிடும். அழகான காலணியும் உடையும் தேவைப்படும். இன்னும் வளர்ந்தால் காசு. அதற்கும் பிறகு, படித்தால் தலைவனாகலாம், நீதிபதியாகலாம், நீ வந்தால் ஊரே எழுந்து நிற்கும் என்ற ஆசை. இவை யாவும் இழிவானவை என்று மைமோனிடிஸ் ஒளிக்காமல் சொல்கிறார். மனித அறிவு சிறியதாக இருப்பதால் இவை தேவைப்படுகின்றன என்பதையும் ஒத்துக்கொள்கிறார். அறிவின் நோக்கம் அறிவதே. உண்மையை நாடுவதற்கு அது உண்மை என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை என்பது அவர் முடிவு.

உற்றுப் பார்த்தால் இந்த ஏணியில் பரிசு எங்கும் குறையவில்லை. மாணவன் வளர வளர அதுவும் பெரிதாகிறது. அத்திப்பழத்துக்குப் படித்த பையனைவிட, மரியாதைக்குப் படிக்கும் பண்டிதன் எந்த விதத்திலும் விடுதலை பெற்றவன் அல்லன். மைமோனிடிஸ் உண்மையில் குறிவைத்ததும் பையனை அல்ல. இந்தப் பகுதி மறுமையைப் பற்றிய முன்னுரையில் வருகிறது. சொர்க்கத்தில் என்ன கிடைக்கும் என்று ஓயாமல் கேட்கும் பெரியவர்களும் அத்திப்பழத்துக்குப் படிப்பவர்களே என்பதுதான் அவர் வாதம். கூலியை எதிர்பார்த்து எசமானனுக்கு வேலை செய்யும் ஆட்களைப் போல இராதீர்கள் என்ற சோக்கோ ஊர் அந்திகோனஸின் பழைய போதனையை இதற்குத் துணையாகக் கொள்கிறார். பலனில் பற்று வைக்காமல் செயலாற்றச் சொல்லும் கீதையும் இதற்கு அருகில் நிற்கிறது. ஆனால் கீதை செயலைப் பேசுகிறது, இவர் அறிதலைப் பேசுகிறார்.

யூத ஞானிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் இங்கே ஒரு சலுகை தருகிறது. வேறு நோக்கத்தோடாவது ஒருவன் மறைநூலான தோராவைப் படிக்கட்டும். அதிலிருந்தே அதற்காகவே படிக்கும் நிலைக்கு வந்து சேர்வான் என்பது அதன் கருத்து. அந்தக் கடைசி நிலைக்கு ‘லிஷ்மா’ என்று பெயர். உண்மையிலேயே வந்து சேர்வானா என்பது தத்துவக் கேள்வியாக மட்டும் நின்றுவிடவில்லை. அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்தது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் காட்டிய குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு அதே சான்றிதழைச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் பேனாக்களை மேசைமேல் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியையே வரைவதற்குச் செலவிட்டனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே கெடுத்தது பரிசு அல்ல, பேரம்.

இந்த முடிவைத் தல்மூத்துக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே தேனை ருசித்தவர்கள். தல்மூத்தின் சலுகை இன்னும் ருசி காணாதவனுக்கானது. ஆர்வமே இல்லாத ஒன்றுக்குப் பரிசு கொடுத்தால் கெடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. எனவே ஒரே பரிசு ஒரு குழந்தைக்கு வாசலாகவும் அடுத்த குழந்தைக்குத் தடையாகவும் ஆகலாம்.

இன்றைய கற்றல் செயலிகள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பது அரிது. புள்ளி, பதக்கம், தரவரிசை மூன்றையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வழங்குகின்றன. டுவோலிங்கோ போன்ற மொழிச் செயலிகளில், விடாமல் எத்தனை நாள் படித்தார் என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் தவறினால் சுழியத்துக்கு விழக்கூடும். பெறுவதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி மனிதரை அதிகம் ஆட்டுவிக்கிறது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கிய உளவியலே இங்கே வேலை செய்கிறது. நூறு நாள் கடந்தவர் நூற்றோராவது நாள் திறப்பது மொழிக்காகவா, எண்ணைக் காப்பாற்றவா என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். மைமோனிடிஸின் ஏணிக்கு உச்சி ஒன்று உண்டு. இந்த எண்ணிக்கைக்கு அது கிடையாது.

ஆனால் விளையாட்டு என்றால் புள்ளி என்று எண்ணுவது விளையாட்டுக்கே இழைக்கும் அநீதி. 1980களின் தொடக்கத்தில் கணினி விளையாட்டுகளை ஆராய்ந்த தாமஸ் மலோன், அவற்றின் ஈர்ப்புக்கு மூன்று காரணங்கள் சொன்னார்: சவால், கற்பனை, அறியும் ஆவல். அவர் எடுத்துக்கொண்ட ‘டார்ட்ஸ்’ விளையாட்டில் எண்கோட்டின்மேல் பலூன்கள் நிற்கும். பலூன் நிற்கும் இடத்தை மாணவர் ஒரு கலப்புப் பின்னமாக ஊகித்துத் தட்டினால், அம்பு அந்த எண்ணுக்கு நேராகப் பாயும். தவறினால் எவ்வளவு தள்ளித் தவறியது என்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே பின்னத்தை அறிவதும் பலூனை உடைப்பதும் ஒரே செயல். சரியான விடைக்கு மிட்டாய் தரும் விளையாட்டில் விடையும் மிட்டாயும் வெவ்வேறு. விடை மறந்தாலும் மிட்டாய் இனிக்கும். லிஷ்மா என்ற சமயச் சொல்லுக்கு வடிவமைப்புத் துறையில் நேரான இணை உண்டென்றால் அது இந்தப் பலூன்தான்.

வைணவர் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதம் அந்த மிட்டாய்க்கும் இந்தப் பலூனுக்கும் நடுவில் இருக்கிறது. கண்விழிக்க வேண்டிய விரதத்தில் தூக்கத்தை விரட்டும் துணை என்ற அளவில் அது அத்திப்பழம். நற்குணம் ஏணியாகவும் தீக்குணம் பாம்பாகவும் கட்டங்களில் எழுதப்பட்டிருப்பதும், ஆட்டம் திருமாலின் திருவடியில் முடிவதும் அதைப் பாடமாக்குகின்றன. அதில் ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தாயம் விழுந்தபடி காய் நகர்கிறது. ஒழுக்கம் கற்பிக்கும் கருவி என்ற முறையில் இது பலவீனம். ஆனால் உயிர் தன் முயற்சியால் மட்டும் கரையேறுவதில்லை என்று நம்பும் ஒரு மரபுக்கு இது பொருந்தாததும் அல்ல.

வேதாந்தமோ விளையாட்டுக்கு இன்னும் உயர்ந்த இடம் தந்தது. எல்லாம் நிறைந்த பிரம்மம் எதற்காக உலகைப் படைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அது வெறும் லீலை என்று பிரம்ம சூத்திரம் விடை சொல்கிறது. ஏழு தீவுகளும் கொண்ட பூமியை ஆளும் அரசன் பந்தாடுவதை இராமானுசர் உதாரணமாக்குகிறார்: அவனுக்கு அதனால் கிடைக்க வேண்டியது ஒன்றுமில்லை. இது நிறைவிலிருந்து பிறக்கும் ஆட்டம். மாணவனோ குறையோடு வருபவன். பயனை நாடாமல் விளையாடு என்று முதல் நாளே அவனிடம் சொல்வது, பந்தைக் கொடுக்காமல் ஆடச் சொல்வது போன்றது.

இதை மைமோனிடிஸும் உணர்ந்திருந்தார். பின்னாளில் தொகுத்த மிஷ்னே தோரா என்ற சட்டநூலில், அறிவு முதிராதவர்களுக்குத் தண்டனை பற்றிய அச்சத்தையும் பரிசின் ஆசையையும் காட்டியே கற்பிக்க வேண்டும் என்கிறார். அவர்கள் அறிவு பெருகப் பெருக, அன்பினால் கற்பது என்ற இரகசியத்தைச் சிறிது சிறிதாக, மென்மையாகத் திறந்து காட்ட வேண்டும். மாணவன் தானே ஒருநாள் கண்டுகொள்வான் என்று அவர் விட்டுவிடவில்லை. பரிசைக் கொடுத்த ஆசிரியரிடமே அந்தப் பொறுப்பையும் வைத்தார்.