ஆளைக் குறிக்கும் சொற்கள்

எங்கள் தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தை. அங்கே மாட்டுக்கு விலை பேசுவதை நின்று பார்க்கச் சிறுவயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும். தரகர் தோள்துண்டை எடுத்து விற்பவரின் கையை மூடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். சுற்றி நிற்கிறவர்களுக்கு மாடு தெரியும், ஆட்கள் தெரியும், விலை மட்டும் தெரியாது. வாய்விட்டுப் பேசும்போதும் எண்களுக்கென்று தரகர்களுக்குள் தனிப் பேச்சு உண்டு. என் அப்பாவுக்கு அதில் பாதி புரியும். புரிகிறது என்று காட்டிக்கொள்ள மாட்டார்.

இந்தப் பேச்சுக்கு நம் இலக்கணத்தில் மரியாதையான இடம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தது. உரையில் வரும் எடுத்துக்காட்டுகளைப் பள்ளியில் படித்திருப்போம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கிக்கொள்ளும் சொல்லைப் பிழை என்று தள்ளாமல் வழக்கு என்று ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. அதனால் கைபேசியில் பிள்ளைகள் எழுதும் தமிழைக் கண்டு யாராவது தலையில் அடித்துக்கொண்டால் எனக்கு அந்தப் பக்கம் சாய மனம் வருவதில்லை. வேற லெவல், செம, மொக்கை, உருட்டு, தரமான சம்பவம், கதறல் எல்லாமே இன்றைய குழூஉக்குறிகள்தான். கலப்பற்ற தமிழில் எழுதுவோருக்குத் தம் ஞானபாநு இதழில் பரிசு அறிவித்த சுப்பிரமணிய சிவா, 1925இல் எங்கள் பாப்பாரப்பட்டியில்தான் கண்மூடினார். அவர் மேல் எனக்குள்ள பக்தி குறைவில்லை. ஆனால் இங்கே என் கவலை தூய்மையைப் பற்றியது இல்லை.

இந்தக் கைபேசிப் பேச்சினால் விளைந்த ஒரு நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழில் ஒருவர் வாயைத் திறந்ததுமே அவர் ஊர் தெரிந்துவிடும். பல நேரம் சாதியும் தெரிந்துவிடும். தருமபுரியில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசி வளரும் பிள்ளைகள் பலர். பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஓசூர், பெங்களூர், சென்னை என்று போகிறவர்கள் முதல் மாதங்களில் அளந்து அளந்துதான் பேசுவார்கள். நம் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம். ‘வேற லெவல்’ என்பதற்கு ஊர் கிடையாது. திருநெல்வேலிப் பையனும் அரூர்ப் பையனும் அதை ஒரே மாதிரி எழுதுவார்கள். வடிவேலு படத் துண்டு ஒன்றை அனுப்புகிறவன் எந்தத் தெருவிலிருந்து அனுப்புகிறான் என்று எவருக்கும் தெரியாது. அந்த நேரத்துக்கு அவன் எல்லோரோடும் சமமாக உட்கார்ந்திருக்கிறான். பிறந்த இடத்தைக் காட்டிக் கொடுக்காத பேச்சு ஒன்று கிடைப்பது, தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

2019 மே மாதக் கடைசியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பொறியாளர்களுக்கான முகநூல் பக்கம் ஒன்றில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் அதற்குப் பெயரைச் சொல்லிவிட்டு, காண்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதினார். 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது. அடுத்த நாட்களில் நேசமணிக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும் பதிவுகள் ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்தன. யார் இந்த நேசமணி என்று மற்ற நாட்டார் குழம்ப, உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஒரு குடும்பமாக நின்று சிரித்தார்கள். ஒருவர் மனமும் புண்படவில்லை. அடிபட்டவர் கதையில் வருகிறவர்.

நன்னூல் உரையின் எடுத்துக்காட்டுகளை இன்னொரு முறை பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பொன், ஆடை, கள். மூன்றும் பொருள்கள். மாட்டுத் தரகரின் விரல் சொல்வதும் விலையை. அவற்றிலும் கள்ளம் இல்லாமல் இல்லை. வாங்க வந்தவனுக்கு விளங்கக் கூடாது என்பதற்காகவே உண்டான பேச்சுகள் அவை. ஆனாலும் அவை எதிரே நிற்கிற மனிதனுக்குப் பெயர் வைக்கவில்லை. இன்று கைபேசியில் அதிகம் புழங்கும் குறிகளை எடுத்துப் பாருங்கள்: பூமர், கிரிஞ்சு, சங்கி, உபி, டம்ளர். பெரும்பாலும் ஆளைக் குறிப்பவை. ஒருவரோடு பேசுவதற்காக வந்தவையும் இல்லை. அவரைப் பற்றி நம் ஆட்களிடம் பேசுவதற்காக வந்தவை.

கல்லூரியில் படிக்கும் தம்பி மகளிடம் ஒரு நாள் கிரிஞ்சு என்றால் என்ன என்று கேட்டேன். கைபேசியில் ஒரு காணொளி காட்டினாள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண், மதிய இடைவேளையில் பழைய பாட்டு ஒன்றுக்கு ஆடுகிறாள். தலையில் சும்மாடு இன்னும் அவிழவில்லை. ஆட்டம் அப்படி ஒன்றும் மோசமில்லை. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் அந்த ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்.

“இதுல என்ன தப்பு கண்ணு?” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “தப்புன்னு இல்ல பெரியப்பா. கிரிஞ்சுன்னு சொல்லிட்டா அதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான்.”

அவள் நேர்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் யார் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் எங்களுடையது, 68.5 விழுக்காடு. கடிதம் எழுதத் தெரியாதவர்கள், மேடை கிடைக்காதவர்கள், பண்டிகைக்குக்கூடப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் இங்கே ஏராளம். 2016இல் ஜியோ வந்து இணையம் மலிவானபோது அவர்கள் கைக்கும் ஒரு கண்ணாடி வந்தது. 2020 ஜூனில் தடை செய்யப்படும் வரை டிக்டாக்கில் அவர்கள் ஆடினார்கள், பாடினார்கள், அழுதார்கள். அவர்களைப் பார்த்து, படித்தவர்கள் சொன்ன சொல்தான் கிரிஞ்சு. சூளைக்காரி, காட்டான், பட்டிக்காடு என்று வெளிப்படையாகச் சொல்லக் கூசுகிறவர்களால், ஒரு புதுச் சொல்லின் மறைவில் அதையே சொல்லிவிட முடிகிறது. சொன்னவர்களில் பாதிப் பேர் அதே மாதிரி ஊர்களிலிருந்து போனவர்கள் என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. ஊரைக் காட்டாத பேச்சு கிடைத்ததும், அதை ஊர்க்காரர்கள் மேலேயே பிரயோகித்தோம்.

சங்கி, உபி, டம்ளர் போன்ற அரசியல் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எல்லாக் கட்சியும் எல்லாக் கட்சிக்கும் வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு முகநூலில் ஒருவரை ஒருவர் அந்தப் பெயர்களால் திட்டி எழுதுகிறார்கள். அம்மா இருக்கும் வரை அது தாங்கும்.

ஆனால் எங்கள் மாவட்டத்துக்காரனால் ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியாது. 2012 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இருவர், பெண்ணின் தந்தையின் தற்கொலை, அதைத் தொடர்ந்த தீ. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அந்த இளைஞன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். அந்த நாட்களில் மேடைகளில் உரக்கக் கேட்ட சொல் ‘நாடகக் காதல்’: தலித் இளைஞர்கள் காதலிப்பதாக நடித்துப் பிற சாதிப் பெண்களை ஏமாற்றுகிறார்கள் என்ற பழி. மேடையிலிருந்து இறங்கி அது கைபேசிக்குள் வந்தது, இன்றுவரை வெளியே போகவில்லை. ஒரு பெண்ணும் ஒரு பையனும் பதிவு அலுவலக வாசலில் நிற்கும் படம் வந்தால் போதும், யாராவது அந்தச் சொல்லைப் போடுவார்கள். அவர்கள் எத்தனை வருடம் பழகினார்கள், அவள் என்ன படித்தாள், இவனுக்கு என்ன சம்பளம், இரண்டு வீட்டிலும் என்ன பேசினார்கள் என்ற எதையும் அதற்குப் பின் யாரும் கேட்பதில்லை. கேட்கவிடாமல் செய்வதுதான் அந்தச் சொல்லின் வேலை. என் தம்பி மகள் கிரிஞ்சைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம் இங்கே வேறு கனத்தோடு வந்து நிற்கிறது.

முன்காலத்தில் ஆளுக்குப் பெயர் வைக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்தார்கள், இதைவிடக் கேவலமாக வைத்தார்கள். சாதிப் பெயர்களையே வசவாக்கிய ஊர்கள் இவை. அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் வாதாட வரவில்லை. அந்த வசவுகளைக் குறைக்க மூன்று தலைமுறை பாடுபட்டிருக்கிறது, சட்டம் வந்திருக்கிறது, பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. அப்படித் துரத்திய ஒன்றைப் புதுச் சட்டை மாட்டி வீட்டுக்குள் விடுகிறோமே என்பதுதான் என் ஆற்றாமை. நாள் முழுக்க நாம் கையில் வைத்திருக்கும் கருவி இது. அதில் எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பது எப்படி வாழ்கிறோம் என்பதில் ஒரு பெரிய பங்கு.

இப்போதெல்லாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பொருளுக்கோ சினிமாவுக்கோ சோற்றுக்கோ சொல்லும் குறிகளை நானும் சந்தோஷமாகச் சொல்வேன். ஆளைக் குறிக்கும் சொல் வந்தால், யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்பேன். சண்டைக்காகக் கேட்பதில்லை, பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற தை மாதம் எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கல்யாணச் செய்தி வந்தது. பெண் எங்கள் பக்கம், பையன் வேறு பக்கம். மாமா ஒருவர் உடனே ‘நாடகக் காதல்’ என்று போட்டார். நான்கைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். “யாரைச் சொல்றீங்க மாமா?” என்று எழுதினேன். “பொதுவாச் சொன்னேன் மாப்ள” என்று பதில் வந்தது. குழுவில் அதற்கு மேல் பேச்சில்லை.

ராத்திரி அவரே கூப்பிட்டார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசியிருப்போம். இந்தச் சம்பந்தம் கூடாது என்பதில் அவர் அசையவில்லை, நானும் அசையவில்லை. ஆனால் அந்த அரை மணியில் ஒரு முறைகூட அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. அந்தப் பொண்ணு என்றார், நர்ஸுக்குப் படிச்ச புள்ள என்றார். பையனோட அப்பாவை எனக்குத் தெரியும், கிழங்கு லோடு ஏத்த வருவாரு, தங்கமான ஆளு என்றார். ஆனாலும் சாதிக்காரன் என்ன சொல்லுவான் என்றார். எதிரே பேசும்போது அவர் பயம் அவர் பயமாகவே வெளியே வந்தது. அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. ஆடிப்பெருக்குக்கு வழக்கம்போலக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போவோம். அங்கே இந்தப் பேச்சை மறுபடியும் எடுக்கப் போகிறேன், அவரும் விடமாட்டார்.