பாரம் எந்தக் காலில்?

எழும்பூர் ரயில் நிலையத்தில் போர்ட்டர்களை வரைய உட்கார்ந்தால் முகத்தை மறந்துவிட வேண்டும். மூக்கையும் மீசையையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் பெட்டியோடு போயே போய்விடுவார். கிடைப்பது அரை நிமிடம். நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கோலெய்ட்ஸின் பாடநூல், அவர் இறந்தபின் 1941இல் வெளிவந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்பதை விடு, என்ன செய்கிறது என்பதை வரை என்பதுதான் அதில் ஜெஸ்ச்சர் டிராயிங்குக்கு அவர் சொல்லும் வழி.

சும்மாட்டின் மேல் பெட்டி ஏறுவதற்கு முன்பே கழுத்து விறைத்துவிடுகிறது. இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ள, அதே பக்கத் தோள் இறங்குகிறது. பெட்டி உட்கார்ந்ததும் முழங்கால் லேசாக மடங்கி நிமிர்கிறது. “வெயிட் எந்தக் காலில்?” என்றுதான் நான் மாணவர்களிடம் முதலில் கேட்பேன். அது தெரிந்தால் கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரே கோடு, தோளிலிருந்து கையை வீசிப் போட்டுவிடலாம். பென்சிலை எழுதுவதுபோல் பிடித்தால் வராது.

என்னைக் குடைவது அதற்குப் பிறகு வரும் கேள்வி. தாளில் தூக்குதல் இருக்கிறது, தூக்கியவர் எங்கே? பௌத்தர்கள் கேட்டால் சிரிப்பார்கள்: செயல் உண்டு, செய்பவன் என்று தனியாக எவனும் இல்லை.

நான் சைவ வீட்டில் வளர்ந்தவன். மெய்கண்டாரின் சிவஞானபோதம், மூன்றாம் சூத்திரத்தில், உயிர் உண்டென்று வாதிடுகிறது. இது நானில்லை, அது நானில்லை என்று கழித்துக்கொண்டே வருகிற ஒன்று இருக்கிறதே, அதுதான் உயிர் என்பது அதன் முதல் பிடி. வரைகிற நாங்களும் முகம் வேண்டாம், சட்டை வேண்டாம் என்று கழிக்கிறவர்கள்தான். ஆனால் கை ஓடும்போது கழிக்கிறவனும் காணாமல் போகிறான். 1906இல் பிரான்ஸ் வந்த கம்போடிய அரசவை நடனப் பெண்களை மார்சேய் வரை பின்தொடர்ந்து வரைந்தார் சிற்பி ரோடன். ஆளிலிருந்து கண்ணெடுக்காமல், தாளைப் பார்க்காமல் வரைவது அவர் பழக்கம். அந்த நேரத்தில் அவருக்குத் தான் என்ற நினைப்பு இருந்திருக்குமா? எனக்கு இருப்பதில்லை.

இருந்தும் நான் மெய்கண்டார் பக்கம்தான் சாய்கிறேன். வெவ்வேறு நாளில் வரைந்த பக்கங்களைப் புரட்டினால், முகமே இல்லாத கோடுகளில் இன்னார் இவர் என்று தெரிகிறது. ஒரு வயதான போர்ட்டர் டீ குடித்தாலும் பெட்டி தூக்கினாலும் இடப்பக்கம் அதே சாய்வு.

இதை ஒரு மாணவியிடம் சொன்னேன். “அது பழக்கம் சார். வருஷக்கணக்காச் சுமந்தா யாருக்கும் அப்படித்தான் வளையும்.”

“பழக்கம் ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமாம்மா?”

“முதுகெலும்பு போதாதா சார்?”

ஐம்பொறியும் தானாக எதையும் அறியாது, அவற்றைக் கொண்டு அறிகிறவன் வேறு என்று சைவம் படித்தவர்கள் பதில் சொல்வார்கள். நானும் சொன்னேன். அவள் என் ஸ்கெட்ச் புக்கை என் பக்கமே தள்ளி, அதை இதில் காட்டுங்கள் என்றாள்.