பலி கேட்காத அய்யாவும் இரத்த தானமும்

இரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே பதிக்கு வரும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அதைத் தவறென்று சொல்ல முடியாது. பேய்க்கும் பிசாசுக்கும் பயந்து, கடன் வாங்கியாவது கிடாயும் கோழியும் அறுத்து, அந்த இரத்தத்தை மண்ணில் விட்டுக்கொண்டிருந்த தென்திருவிதாங்கூர் ஏழைகளிடம்தான் அய்யா வந்தார். பலியை நிறுத்தச் சொன்னார். காணிக்கையையும் நிறுத்தச் சொன்னார். சுவாமித்தோப்பானாலும் மணலி புதுநகர் தர்மபதியானாலும் தெருமுனை நிழல்தாங்கலானாலும், இரத்தம் விழும் இடம் ஒன்றும் அய்யாவின் எல்லைக்குள் கிடையாது.

அந்த வழியில் வளர்ந்த பிள்ளை, ஊசி குத்தித் தன் இரத்தத்தை எடுத்துக் கொடுக்கலாமா? திருநாமம் இட்ட உடம்பல்லவா? இந்தக் கேள்விக்குப் பதிலாக, காத்திவாக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அன்பரின் அனுபவம் இங்கே சொல்லப்படுகிறது. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அவர் திசையன்விளைப் பக்கத்துக்காரர். பதினாறு வயதில் மாமன் கடையில் பொட்டலம் மடிக்க வந்தவர், பிறகு காத்திவாக்கம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் சொந்தமாகக் கடை போட்டார். லேலண்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும், நெட்டுக்குப்பம், தாழங்குப்பத்து மீனவர்களும் அவருக்கு வாடிக்கை. ஊருக்கே அவர் அண்ணாச்சி. விடியுமுன் குளித்து நெற்றியில் நாமமிட்டு, அதன்பிறகுதான் கடைக் கதவைத் தூக்குவார்.

1994-ல் அவருடைய தாயாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஊரிலிருந்து அழைத்து வந்து வடசென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். அறுவைக்கு இரண்டு பாட்டில் இரத்தம் வேண்டும், ஆட்களை அழைத்து வாருங்கள் என்றார்கள். வராந்தாவில் உறவுக்கார ஆண்பிள்ளைகள் நான்கு பேர் நின்றார்கள். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு அன்றிரவே ஊருக்கு ரயில். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போட வெளியே போனார். நான்காவது ஆள் அண்ணாச்சியே. வயது இருபத்தேழு, எடை எழுபது கிலோ, மூட்டையைத் தனியாகத் தூக்கும் உடம்பு. ஆனால் பயம். இரத்தம் போனால் பலம் திரும்பாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருந்தார். கடை பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவரும் வெளியே வந்தார்.

வாசலில் டீக்கடை. அங்கே ஒரு தரகர். அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் இது சகஜம். இரத்தம் விற்றுப் பிழைக்கிறவர்கள் இருந்தார்கள், அவர்களை வைத்துப் பிழைக்கிறவர்களும் இருந்தார்கள். தரகர் கைகாட்டிய ஆளுக்கும் அண்ணாச்சி வயதுதான் இருக்கும். முழங்கை மடிப்பில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த தழும்புகள். பேரம் 250 ரூபாயில் முடிந்தது. அதில் அந்த ஆளுக்கு எவ்வளவு சேர்ந்ததென்று தெரியாது. அவன் டீக்கடைக் கண்ணாடி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒரு பன்னு வாங்கித் தரியா?" என்று கேட்டான். தரகர், "முதல்ல உள்ள வா, அப்புறம் துன்னலாம்" என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அண்ணாச்சி பணத்தைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். அந்த ஆளை மறுபடி பார்க்கவில்லை. தேடவுமில்லை.

தாயார் பிழைத்தார். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த சித்தி, எந்தச் சாதிக்காரன் இரத்தமோ என்று முனகினாள். தாயார் அதைக் காதில் வாங்கவில்லை. மகனைப் பார்த்து, "ஏல, யாரு ரத்தம் குடுத்தாவ?" என்றார். யாரோ ஒரு பையன் என்றார் இவர். "அவனுக்கு வயித்துக்கு என்னல வாங்கிக் குடுத்த?"

எழுத்தறியாத அந்த அம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை. இவருக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மாள் அதன்பிறகு பதின்மூன்று வருஷம் இருந்தார். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இவர்தான் பன்னைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டார்.

அன்புக்கொடி மக்களே, பலி என்பது எது என்று இந்த இடத்தில் நின்று பாருங்கள். ஆட்டைப் பிடித்துக் கட்டுகிறவன் ஆட்டிடம் சம்மதம் கேட்பதில்லை. பசியால் கட்டி இழுத்துவரப்பட்டவனிடம் கேட்கும் சம்மதமும் அதே வகைதான். கோழி அறுக்காத கையென்று பெருமைப்பட்ட கை, 250 ரூபாயை நீட்டி ஒரு மனிதனை உள்ளே அனுப்பியது. சட்டத்துக்கும் ஒரு நாள் இது உறைத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இரத்த விற்பனையை ஒழிக்கச் சொன்னது. 1998 ஜனவரி 1 முதல் கூலிக்கு இரத்தம் கொடுப்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது.

ஆனால் சட்டம் வந்ததால் யாருடைய நரம்பிலும் தர்மம் ஊறிவிடாது. அண்ணாச்சிக்கு அதற்கு 2009 வரை ஆயிற்று.

அந்த வருஷம் ஒருநாள் இரவு கடை அடைக்கும் நேரத்தில், கடனுக்குச் சாமான் வாங்கும் நெட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் ஓடிவந்தார். "அண்ணாச்சி, ராயபுரம் ஆஸ்பத்திரில பொண்ணுக்குக் கொயந்த பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. ஆள இட்டுகினு வரச் சொல்றாங்கோ. என்னுத எடுக்கமாட்டேன்னுட்டாங்கோ, குடிச்சிருக்கேனாம். ஒரு ஐயாயிரம் குடு, யாரயாவது புடிக்கிறேன்."

அண்ணாச்சி கல்லாவைத் திறந்தார். நோட்டை எண்ணவும் தொடங்கிவிட்டார். பாதியில் அவர் கை நின்றது. கல்லாவை மூடிச் சாவியைப் பையனிடம் கொடுத்து, "கடையைப் பூட்டு, நான் போயிட்டு வாரேன்" என்று ஆட்டோவில் ஏறினார். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அவருக்கு உள்ளங்கை வேர்த்தது.

பயப்படுகிற அன்பர்களுக்காக, உள்ளே நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லலாம். முதலில் ஒரு தாளில் கேள்விகள்: சமீபத்தில் காய்ச்சல் உண்டா, மஞ்சள் காமாலை வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று. எடையும் இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். விரல் நுனியில் குத்தி, ஒரு துளியை நீலநிற மயில்துத்தக் கரைசலில் விட்டார்கள். துளி மூழ்கினால் இரத்தத்தில் சத்து போதும்; மிதந்தால் வீட்டுக்குப் போகலாம். அவருடையது மூழ்கியது. கையில் ஒரு ரப்பர் பந்து. ஊசி ஏறும்போது எறும்பு கடித்ததைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 350 மில்லி எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவர் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய ஐந்து லிட்டர். போன நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் நிறையச் சில வாரம் பிடிக்கும். அதனால்தான் ஆண்கள் 90 நாளும், பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும் என்று விதி.

பை நிறைந்ததும் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். இவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "சீக்கிரம் கொண்டுபோங்கம்மா, அந்தப் பிள்ளைக்கு ஏத்தணும்" என்றார். நர்ஸ் சிரித்தார். "இது அந்தப் பொண்ணுக்கு இல்ல சார். உங்களோடது வேற குரூப். அதுவுமில்லாம எய்ட்ஸ், காமாலை, மலேரியா எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் வெளிய அனுப்புவோம். அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே ஏத்தியாச்சு. யாரோ முன்னாடி குடுத்தது."

அந்த 'யாரோ' யாரென்று நர்ஸுக்கும் தெரியாது. இவருடைய பை யாருக்குப் போகும் என்பதும் தெரியாது. பையின் மேல் ஒட்டிய சீட்டில் ஓர் எண், குரூப், தேதி. பெயரில்லை, ஊரில்லை, சாதியில்லை. பிறகு அதைச் சுழற்றிச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்தால் ஒரு பை மூன்று பேருக்குக்கூடப் போகலாம் என்று சொன்னார்கள்.

சுவாமித்தோப்புக்குப் போனவர்கள் முத்திரிக்கிணற்றில் பதமிட்டிருப்பீர்கள். ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி இறக்க விடாமல் மக்களை விரட்டிய நாளில், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார் அய்யா. இன்னார் குளித்த தண்ணீர், இன்னார் தொட்ட வாளி என்று அங்கே பிரிக்க முடியாது. கிணற்றுக்கு நன்றி சொல்லலாம். தண்ணீர் இறைத்துக் கொடுத்த கையைத் தேட முடியாது. இரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியும் அப்படி ஒரு கிணறு. ஒரு வித்தியாசம் உண்டு. மண்ணில் தோண்டிய கிணறு மழையால் நிறையும். இந்தக் கிணற்றுக்கு மனிதனைத் தவிர வேறு ஊற்று இல்லை. தொழிற்சாலையில் செய்ய வழியில்லை, நெடுநாள் சேமித்தும் வைக்க முடியாது: தட்டணுக்கள் ஐந்து நாள், சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம்.

பலியில் இரத்தம் கேட்பது பயம். இங்கே கேட்டது படுக்கையில் கிடந்த பிள்ளை. அய்யா மூடியது அந்த வாசலைத்தானே தவிர, இந்த வாசலை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு வரை தண்ணீர்கூடக் குடிக்காத அன்பர்கள் அதே வயிற்றோடு முகாமில் போய்ப் படுக்கக் கூடாது. மயங்கி விழுந்தால் அய்யாவுக்கும் அழகல்ல. சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கேள்வித் தாளில் வெட்கப்பட்டுப் பொய் எழுதவும் கூடாது. 2018 டிசம்பரில், சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்த இரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையை எல்லோரும் கேட்டோம். தனக்கு நோய் இருப்பது பிறகு வேறொரு சோதனையில் தெரிந்ததும், இரத்தம் கொடுத்த அந்த இளைஞரே வந்து சொன்னார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. சோதித்தவர்கள் தவறினார்கள், கொடுத்தவன் மறைக்கவில்லை.

அண்ணாச்சி அந்த இரவுக்குப் பிறகு வருஷம் மூன்று தடவை தவறாமல் கொடுத்து வந்தார். நெட்டுக்குப்பத்துப் பெண் பிழைத்தாள். அவள் பிள்ளை இப்போது அதே கடைக்குச் சில்லறை கொண்டு வருகிறான். பத்து வருஷம் கழித்து அண்ணாச்சிக்குச் சர்க்கரை ஏறி இன்சுலின் போட வேண்டியதாயிற்று. இனி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவர் அரைநாள் கடை திறக்கவில்லை.

இந்த ஆண்டு அவருடைய மகள் போனாள். முதல் தடவை அவள் துளி மிதந்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் இரத்தத்தில்தான் போய் நிற்கிறது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையுமாக நாலு மாதம் ஓடியது. மறுபடி போனபோது துளி மூழ்கியது.

தகப்பனார் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் மகளுக்கு அடுத்த படுக்கையில் ஒரு பையன். தனியாக வந்தவன்போல இருந்தான், கூட யாரும் இல்லை. அண்ணாச்சி எழுந்து வாசல் டீக்கடைக்குப் போனார். இரண்டு டீ, இரண்டு பன் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அய்யா உண்டு.